மாமன் மடிக்கு ஒரு மூட்டு ஊசி

போன மாதம் எனக்கே வலது முட்டியில் ஊசி போட்டார்கள். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும் என்ற நிலைக்கு வந்து வெகுநாளாயிற்று. மகள்தான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனாள். இளவயது டாக்டர், டிவி மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே போட்டு முடித்துவிட்டார். வெளியே வந்ததும் ஒரு நர்ஸ் பெண் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னைக்கு நைட்டு வலி கூடுனாலும் கூடும் தாத்தா. ரெண்டு நாள்ல தன்னால சரியாயிரும், பயந்துக்காதீங்க. வீட்ல விசேஷம் ஏதும் இருந்தா கீழ உக்காராதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி என்றால் அம்புட்டு பயமா என்று அவள் சிரித்தாள். இந்த ஊசியோடு குடித்தனமே நடத்தியவன் நான் என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த தடவை வரும்போது அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றாள். எனக்கு வாயால் சொன்னால் கோர்வையாக வராது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, இதைச் சொன்னால் கேட்கிறவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று நினைத்து, வேறொன்றுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளாங்குடியில் எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு, ஆற்றுக்கு வடக்கே இருந்த ஒரு எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கூட்டினேன், துடைத்தேன், டீ வாங்கி வந்தேன். மாவுக்கட்டுத் துணியைச் சுருட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு மாவுக்கட்டுப் போடவே கற்றுக்கொண்டேன். அதற்குள் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஊசி அறை என் பொறுப்புக்கு வந்தது. நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது.

டாக்டரை நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம். நெட்டையான மனிதர். அரைக்கைச் சட்டைதான் போடுவார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகக்கண்ணைப் பிரஷால் தேய்த்துக் கழுவுவார். கழுவி முடித்த கையை மேலே தூக்கிக்கொண்டே நடந்து வருவார். ஊசி அறைக்குள் யாரும் பேசக்கூடாது என்பது அவர் சட்டம். பேசினால் எச்சில் தெறிக்கும், எச்சில் ஊசியில் விழும், ஊசி மூட்டுக்குள் போகும். "தோல்ல வர்ற புண்ணு வேற, மூட்டுக்குள்ள வர்ற சீழ் வேற. ரெண்டாவது வந்தா கால் போயிடும்" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். அவர் ஒருதடவை சொன்னதை நான் ஓராயிரம் தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிக்குழல்தான். ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பழக்கம் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரில் குழலையும் அதன் தண்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றிப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் சூட்டில் இறுகி விரிசல் விடும். ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு எடுக்க வேண்டும். முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு இழை சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம், கல்லில் தீட்ட வேண்டும். தண்ணீர் கொதித்து முடிந்துவிட்டது என்று எல்லாரும் இறக்கிவைக்கிற நேரத்துக்குப் பிறகும் நான் இறக்க மாட்டேன். சரியாகக் கொதித்ததா என்று சந்தேகம் வந்துவிடும், மறுபடி கொதிக்க வைப்பேன். கூட வேலை பார்த்தவர்கள், "மாப்ள ஊசியைச் சூப்பு வைக்கிறான்டா" என்று கிண்டல் செய்வார்கள்.

ஐயா ஊசி போடுவதைப் பார்க்க வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பேன். ஐயா முட்டிச்சில்லை இடது கையால் லேசாகத் தள்ளி, அதன் ஓரத்தில் பெருவிரல் நகத்தால் ஒரு அடையாளம் வைப்பார். நான் அயோடின் தடவுவேன். முதலில் மரப்பு மருந்து. பிறகு பெரிய ஊசியால் உள்ளே சேர்ந்திருக்கிற நீரை இழுப்பார். அந்த நீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் தலையாட்டுவார். கலங்கி இருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. தலையாட்டிய பிறகு நான் மருந்துப் புட்டியைக் குலுக்கிக் கொடுப்பேன். பால் மாதிரி இருக்கும் அந்த மருந்து. குலுக்காவிட்டால் சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும். மூட்டுக்குள் சரியான இடத்தில் ஊசி இருந்தால், தள்ளுகிற விரலுக்குத் தடையே தெரியாதாம். ஐயாவின் முகத்தைப் பார்த்தே அதை நான் தெரிந்துகொள்வேன். புருவம் தளர்ந்துவிடும். பிறகு காலை மெதுவாக நாலைந்து முறை மடக்கி நீட்டிவிட்டு, "ரெண்டு நாள் மடக்கக் கூடாது. நடமாட்டம் வேணாம்" என்பார். அம்புட்டுத்தான். ஏன், எதற்கு என்று சொல்ல மாட்டார். சொன்னால் குழப்பிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் வலுப்பட்டதற்கு நானும் காரணம். கோரிப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தொழுகையில் மண்டியிட்டு உட்கார முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து தொழ மனசு ஒப்பவில்லை என்று வந்தவர். ஐயா கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர், "வலிக்குமா தம்பி?" என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்தது அத்தனையும் சொன்னேன். சில பேருக்கு அன்று ராத்திரி வலி ரொம்பக் கூடும், முட்டி வீங்கும், எப்போதாவது ஒருவருக்குச் சீழ் வைக்கலாம், நான் நன்றாகத்தான் கொதிக்க வைத்திருக்கிறேன், ஆனாலும் சொல்ல முடியாது என்று சொன்னேன்.

"யா அல்லா, நான் நடந்தாச்சும் வந்தேனே" என்று எழுந்தவர்தான். மருமகள் பின்னாலேயே ஓட, வந்ததை விட வேகமாகப் போய்விட்டார். ஐயா கையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் மேஜை காலி.

"என்னடா சொன்ன?"

சொன்னேன்.

"ஊசி போடாமலே குணப்படுத்திட்ட. நல்ல ஓட்டம் ஓடுறாங்க" என்றார். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ராசு, உன் பயம் உன்கிட்டயே இருக்கட்டும். நோயாளிக்குப் பங்கு வைக்காத."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்ததில்லை. யாராவது கேட்டால் ஐயாவைக் கேளுங்கள் என்பேன். ஐயாவிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

முத்துக்கருப்பன் அண்ணன் வந்தது அதற்கு அப்புறம்தான். செக்கானூரணிப் பக்கத்துக்காரர். கிணறு வெட்டுகிற வேலை. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே கிணற்றுக்குள் இறங்கியவர். ஐம்பது வயதிருக்கும், கை இரண்டும் கடப்பாரை மாதிரி இருக்கும், முட்டி மட்டும் தேய்ந்துபோயிருந்தது. முதல் ஊசி போட்டபோது அவருக்கு மறுநாளே வலி விட்டுவிட்டது. நாலைந்து மாதம் நன்றாக இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒருநாள் ஐயாவைப் பார்க்க வந்தவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசினார்.

அவருக்கு ஒரே தங்கை, வெள்ளையம்மா. தாய் தகப்பன் போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அலங்காநல்லூருக்கு மேற்கே ஒரு ஊரில், நல்ல தண்ணீர்ப் பாய்ச்சல் உள்ள குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணத்தில் சீர் குறைந்துவிட்டது என்று வந்த பேச்சில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. தங்கைக்கு வெகுகாலம் பிள்ளையில்லை. இப்போது ஒரு பையன் பிறந்து, குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் இல்லாவிட்டால் பங்காளி முறையில் இன்னொரு மாமன் உட்காருவார். இவருடைய சித்தப்பா மகன் ஒருவர் ரைஸ்மில் வைத்திருந்தார், மோதிரமும் கையுமாகத் தயாராக இருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுதான் இஷ்டம். வெள்ளையம்மா மட்டும் ஒத்தைக்காலில் நின்றிருக்கிறாள். என் பிள்ளை என் அண்ணன் மடியில்தான் உட்காரும், இல்லையென்றால் காதே குத்த வேண்டாம் என்று.

"சம்மணம் போட்டு உக்காரணும்யா. மொட்டை முடிஞ்சு, காது ரெண்டும் குத்தி முடியுற மட்டும் அசையக்கூடாது. அம்புட்டுத்தேன் எனக்கு வேணும். அதுக்கப்புறம் இந்தக் கால் இருந்தா என்ன, போனா என்ன" என்றார்.

ஐயா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு ஊசி தாங்கும் என்றார். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வரச் சொன்னார். முன்னாடி வா என்றாரே தவிர, அது எதற்கு என்று சொல்லவில்லை. முத்துக்கருப்பன் அண்ணனும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்து அவர் வந்தது ஒரு மத்தியானம். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். புது வேட்டி. கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பை. ஐயா, "என்னைக்கு விசேஷம்?" என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்றார். ஐயா மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சரி என்றார்.

பையை அவர் ஊசி அறைக்குள் கொண்டுவரப் பார்த்தார். நான் தடுத்து வாங்கினேன். வாங்கும்போதே மரிக்கொழுந்தும் மல்லிகையும் கம்மென்று வாசம் அடித்தது. உள்ளே ஒரு பெரிய மாலை. வெயில் நேரம், வாடிவிடுமே என்று தோன்றியது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்து, கையால் தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டு வந்தேன். என் நினைப்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த ஊசியின் மேல் இருந்தது. இவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே, இவர் தங்கச்சி விஷயமாக வந்தவராயிற்றே என்று அன்றைக்கு இரண்டு தடவை கொதிக்க வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விசேஷத்துக்கு இன்றைக்கே யாராவது மாலை வாங்குவார்களா? என் மூக்குக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது. தண்ணீர்கூடத் தெளித்தேன். புத்திக்கு மட்டும் எட்டவில்லை.

உள்ளே நீர் தெளிவாக வந்தது. ஐயாவின் புருவம் தளர்ந்தது. எல்லாம் முறையாக நடந்தது. போகும்போது முத்துக்கருப்பன் அண்ணன் என் தோளைத் தட்டி, "வாரேன் தம்பி" என்றார். பையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வந்தது நாலைந்து நாள் கழித்து. ஆஸ்பத்திரி மூடுகிற நேரம், வெளிநோயாளிகள் எல்லாம் போயிருந்தார்கள். கம்பில்லாமல், நொண்டாமல் வந்தார். குறித்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லையே, எதற்கு வந்திருக்கிறார், சீழ் வைத்துவிட்டதா என்று நினைத்தேன். ஐயா படுக்கவைத்துப் பார்த்தார். சூடு இல்லை, வீக்கம் இல்லை. மடக்கினார், நீட்டினார். முழுதாக மடங்கியது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் ஐயா.

"இப்ப நல்லா இருக்குங்கய்யா."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஐயா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளி பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முத்துக்கருப்பன் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். காது குத்து, ஊசி போட்டதற்கு மறுநாளே. ஐயாவிடம் தேதியைச் சொன்னால் ஊசி போட மாட்டார் என்று அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் முன்னாடி வராமல் ஏன் முந்தின நாள் வந்தீர் என்று ஐயா கேட்டார். அவர் தயங்கினார்.

"வண்டிக்கு மசகு போடுற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்யா. வெள்ளாமை ஏத்துற அன்னைக்குத்தானே அச்சுக்கு மை வைப்போம். ஒரு வாரத்துக்கு முன்னாடியே வச்சா அம்புட்டும் காஞ்சுபோகுமே. மொத ஊசியும் அப்படித்தேன், போட்டப்ப நல்லா இருந்துச்சு, நாள் ஆக ஆகக் கொறைஞ்சுச்சு. அதான் புதுசா இருக்கும்போதே உக்காந்துருவோம்னு..."

ஊசி போட்ட அன்று ராத்திரியே முட்டிக்குள் யாரோ மிளகாயை அரைத்து வைத்த மாதிரி இருந்ததாம். விடியும்போது முட்டி பனங்காய் கணக்காக வீங்கியிருந்தது. மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி, கோயிலுக்குப் போய்விட்டார். சாமி முன்னால் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மாலையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, உட்காரப் பார்த்தார். பாதியில் கால் நின்றுவிட்டது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இறக்கப் பார்த்தார்கள், கத்திவிட்டார். நாற்காலி கொண்டுவாங்கப்பா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாமிக்குச் சரியாக நாற்காலி போட்டு உட்காருகிற ஜமீன்தாரா இவரு என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவர் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ரைஸ்மில்காரர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இவர் வாங்கிப்போன மாலையையே அவர் கழுத்தில் போட்டார்கள்.

"வாடவே இல்லய்யா அந்த மாலை. மொத நாளு வாங்குனது, அன்னைக்குப் பறிச்ச கணக்கா இருந்துச்சு."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"தங்கச்சி என்ன சொல்லுச்சு?" என்று ஐயா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. அவளைத்தேன் எல்லாரும் சொன்னாங்க. இவனுக்காகவா ஒத்தைக்கால்ல நின்னேன்னு. வேணும்னே கால் வலின்னு நடிக்கிறான், சீர் செய்யப் பயந்துக்கிட்டுன்னு அவ மாமியா சொல்லுச்சு. அவ என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. அதுக்கு மறுநாள் தூங்கி எந்திரிக்கிறேன், வீக்கம் வத்துது. அடுத்த நாள் நல்லா மடங்குது."

ஐயா முட்டியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, இந்த மருந்து சில பேருக்குப் போட்ட அன்று ராத்திரி வலியைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும் என்றார். ரெண்டு நாள் மடக்காதே என்று சொன்னது அதற்கும் சேர்த்துத்தான் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"சொல்லியிருந்தா நாலு நாளு முந்தியே வந்துருப்பேனேய்யா" என்றார் முத்துக்கருப்பன் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. கிணற்றில் எந்தப் பக்கம் ஊற்று இருந்தது என்று பிறகு தெரிந்தவர் சொல்லுவாரே, அந்த மாதிரி சொன்னார்.

"தேதியைச் சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா போட்டிருக்க மாட்டீகளே."

ஐயா எழுந்து போய்க் கை கழுவினார். யாருக்கும் ஊசி போட வேண்டிய வேலை அப்போது இல்லை. ஆனாலும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்தைப் பிரஷால் தேய்த்து, வெகுநேரம் கழுவினார். துண்டைக் கொடுக்கப் போனேன். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "இனிமே ஊசிக்கு முன்னாடி எல்லாத்தையும் நீயே சொல்லிடு ராசு. ஓடுறவங்க ஓடட்டும்."

அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வருகிறவர்களிடம் ஐயா கேட்கிற முதல் கேள்வி, வீட்டில் என்ன விசேஷம் என்பதுதான். கல்யாணமா, காது குத்தா, கோயில் கொடையா, நாற்று நடவா, எல்லாம் கேட்பார். ஐயா இப்போது நன்றாகப் பேசுகிறார் என்று வந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். வலி கூடும் என்று நான் சொல்லச் சொல்ல, ஓடியவர்கள் ஓடினார்கள். தங்கியவர்கள் அன்று ராத்திரி வலித்தால் பயப்படவில்லை. கோரிப்பாளையத்து அம்மாகூட ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்து போட்டுக்கொண்டார், நோன்புக்குப் பதினைந்து நாள் முன்னால். இதெல்லாம் நல்லதுதான். இதை நினைத்து ஆறுதல்படலாம் என்று என் மனைவி இருந்தவரைக்கும் சொல்லுவாள். ஆறுதலாக இல்லை. எல்லாருக்கும் உதவிய அந்த வார்த்தை, யாருக்கு வேண்டியிருந்ததோ அவருக்கு மட்டும் நாலு நாள் பிந்திப் போனது. ஊசியில் அழுக்கு இருக்குமோ என்று ஆயுசு பூராவும் பயந்தேன். என் ஊசியில் ஒருநாளும் அழுக்கு இருந்ததில்லை. பயப்பட வேண்டிய இடம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வாசம் அடித்துக்கொண்டு இருந்தது.

அன்றைக்கு ஐயா வீட்டுக்குப் போன பிறகு கதவை அடைக்க வந்தேன். முத்துக்கருப்பன் அண்ணன் இன்னும் போகவில்லை. வராந்தாவில் பெஞ்சு காலியாக இருந்தது, அவர் அதில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, இரண்டு முட்டியும் தரையில் படிந்து, கை இரண்டையும் ஒரு பிள்ளையை அணைத்துப் பிடிக்கிற அகலத்துக்கு முட்டி மேல் வைத்திருந்தார்.

"அண்ணே, பூட்டணும்" என்றேன்.

"பூட்டு தம்பி. கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கும் வரை நின்றுகொண்டிருந்தேன். அதுவரை அவர் அசையவே இல்லை.